துணிப்பையில லோகோவா, எழுத்தா, கியூஆரா? எங்க புடவை கடைக்கு பிரிண்ட் போட்டதுல என் ஓட்டு எதுக்கு

எங்களுது சின்ன காட்டன் புடவை கடை. விசிட்டிங் கார்டு, பில் புக், துணிப்பை மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாவே தீர்ந்துட்டதால எல்லாத்தையும் புதுசா அடிக்க வேண்டி வந்துச்சு. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் நாலுலயும் இருக்கோம், அதை அச்சுல எப்படி சொல்றதுங்கிறதுதான் கேள்வி. டிடிபி பண்ற தம்பிகிட்ட விட்டா கூகுள்ல தேடி நாலு கலர் உருண்டையை கீழ வரிசையா ஒட்டி அஞ்சு நிமிஷத்துல கையில குடுத்துருவாப்ல, ஊர்ல பாதி கார்டு அப்படித்தான் இருக்கு. நான் அந்தந்த கம்பெனி போட்டிருக்க லோகோ விதியெல்லாம் உக்காந்து படிச்சுட்டு, ஆஃப்செட்காரர், ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு முடிவெடுத்தேன். முதல்லயே சொல்லிடுறேன், என் ஓட்டு எழுத்துக்கு. லோகோ இல்லாம பேரை மட்டும் எழுதுறது. அதனால இது நடுநிலையான அலசல் எல்லாம் இல்ல.

போட்டியில இருந்தது நாலு. கலர் லோகோ வரிசை, ஒத்தை கலர் லோகோ, வெறும் எழுத்து, கியூஆர் கோடு.

கலர் லோகோவோட பலம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தூரத்துல பாத்தாலே புரியும், இங்கிலீஷ் படிக்க வராதவங்களுக்கும் அந்த ரோஸ் கலர் கட்டமும் நீல உருண்டையும் தெரியும். அதை நான் மறுக்கல. ஆனா ஒரு விஷயம், லோகோவை மட்டும் வரிசையா போட்டுட்டு பக்கத்துல அக்கவுண்ட் பேரே போடாத கார்டு எத்தனை பாத்திருப்பீங்க? பேப்பரை தொட்டா எதுவும் திறக்காதுங்க. அந்த லோகோவை வெச்சு அந்த மனுஷன் உங்களை எங்க போய் தேடுவாரு? இதை கம்பெனிகளே சொல்லுது, ஃபேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ லோகோ போட்டா அது உங்க பக்கத்தை காட்டணும், எங்களை இங்க பாருங்கன்னு ஒரு வார்த்தையோட அக்கவுண்ட் பேரோட இருக்கணும்னு.

மத்த விதிகளும் கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான். லோகோவை அவங்க சைட்ல இருந்தே எடுக்கணும், சாய்க்க கூடாது, நீட்ட கூடாது, நிழல் வைக்க கூடாது, பூ டிசைனுக்குள்ள சொருக கூடாது, சுத்தி இடம் விடணும். உங்க கடை பேரை விட அது பெருசா தெரிய கூடாது, ஏன்னா பாக்குறவங்க அந்த கம்பெனியே உங்க கடைக்கு ஆதரவு தர்ற மாதிரி நினைச்சுக்க கூடாதுல்ல. நாலு லோகோ சேர்ந்து வந்தா எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும்னு ஃபேஸ்புக் தனியா சொல்லுது, கல்யாண பத்திரிகையில சித்தப்பா பேரு பெரியப்பா பேரை விட சின்னதா போயிரக்கூடாதுன்னு பாக்குற மாதிரி.

இதுல துணிப்பைக்கு வந்தா கதையே வேற. 2021 டிசம்பர்ல கவர்மெண்ட் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சாங்கல்ல, அதுக்கப்புறம் எங்க தெருவுல பாதி கடை துணிப்பைக்கு மாறிடுச்சு, நாங்களும்தான். துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங்ல அடிக்கிறது, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது சட்டத்துல இழுத்து கட்டின வலை, ஒவ்வொரு தடவையும் தனியா மை இழுக்கணும், காயணும். இன்ஸ்டாகிராம் லோகோ மஞ்சள்ல ஆரம்பிச்சு ரோஸ் ஆகி ஊதால முடியுது, அதை வெளுக்காத கோரா துணியில ஸ்கிரீன்ல கொண்டு வர சொன்னா பட்டறைக்காரர் நம்மளை ஒரு மாதிரி பாப்பாரு. புள்ளி புள்ளியா பிரிச்சு போடலாம், ஆனா முரட்டு துணியில அது அழுக்கு பட்ட மாதிரி வந்து நிக்குது. மஞ்ச துணியா இருந்தா இன்னும் மோசம், நீலம் பச்சை பக்கம் போயிடும். ஆஃப்செட் மல்டிகலர்ல அடிக்கிற கார்டுக்கு இந்த தொல்லை கம்மி, ஆனா அங்கயும் மானிட்டர்ல மின்னுற அந்த ஃபேஸ்புக் நீலமும் ரோஸும் நாலு மையில அப்படியே வராது, கொஞ்சம் செத்துதான் வரும். பரவால்ல, கார்டுக்கு அது ஓகே.

சரி, ஒத்தை கலர்ல அடிச்சுரலாமேன்னு தோணும். எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு, எங்க கடை கலர் மெரூன், லோகோவும் மெரூன்ல இருந்தா பை அழகா இருக்கும். விதியை படிச்சா இங்கதான் சிக்கல். இன்ஸ்டாகிராம் மட்டும் தாராள மனசு, அந்த கேமரா கோட்டு வடிவத்தை எந்த ஒத்தை கலர்ல வேணா போட்டுக்கோ, வடிவத்தை மட்டும் மாத்தாதன்னு விட்டுட்டாங்க. ஃபேஸ்புக் அப்படி இல்ல, அவங்க நீலம், முடியலைன்னா கருப்பு வெள்ளை. யூடியூப்க்கு சிவப்பு, இல்லைன்னா கருப்பை ஒட்டின கலர், இல்லைன்னா வெள்ளை. எக்ஸ்னா, அதாவது பழைய ட்விட்டர்னா, கருப்பு வெள்ளை மட்டும்தான். ஆக இதையெல்லாம் மெரூன்ல அடிச்சா விதிப்படி தேறுறது இன்ஸ்டாகிராம் மட்டும்தான். எல்லாம் சரியா இருக்கணும்னா கருப்புல அடிக்கணும், அப்ப மெரூன் ஒண்ணு கருப்பு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்கிரீன் ஆகுது. ஒத்தை கலர்னு ஆரம்பிச்சதுக்கு அர்த்தமே இல்லாம போச்சு. முழுசா கருப்புலயே பை அடிக்கிற கடைக்கு இது நல்ல வழிதான், ஆனா துணிக்கடை பையை கருப்பு எழுத்துல அடிக்க எங்க வீட்டு பெரியவங்க ஒத்துக்கல, அது வேற கதை.

இதெல்லாம் யாரு வந்து பாக்க போறாங்கன்னு கேப்பீங்க. நியாயம்தான், மெரூன்ல லோகோ போட்டதுக்கு ஒரு கடைக்கு நோட்டீஸ் வந்ததா நான் கேள்விப்பட்டதில்ல. நம்மூர் 1999 டிரேட்மார்க் சட்டத்துல 30வது பிரிவும் கொஞ்சம் இடம் குடுக்குது, அடுத்தவங்க மார்க்கை அவங்க சேவையை அடையாளம் காட்டுறதுக்காக நேர்மையான வியாபார வழக்கப்படி பயன்படுத்தினா அது மீறல் இல்லைன்னு, அதே நேரம் அந்த மார்க்கோட பேரை வெச்சு அநியாயமா ஆதாயம் தேடவோ மதிப்பை கெடுக்கவோ கூடாதுன்னு. நான் வக்கீல் இல்ல, அதனால இதுக்கு மேல இதுல நுழையல. ஆனா ஒண்ணு, இன்ஸ்டாகிராம் ஏ4 சைஸை விட பெரிய பிரிண்ட்ல அவங்க லோகோ வந்தா முன்கூட்டியே டிசைன் மாதிரியை அனுப்பி அனுமதி வாங்கணும்னு விதி வெச்சிருக்கு. அப்ப கடை போர்டு, பிளெக்ஸ், வேன்ல ஒட்டுற ஸ்டிக்கர் எல்லாமே அந்த கணக்குல வரும். அப்படி அனுமதி வாங்கி பிளெக்ஸ் அடிச்ச ஆளை நான் பாத்ததில்ல. பெரிய ஹோர்டிங் நான் வெச்சதும் இல்ல, அதனால அங்க நடைமுறை எப்படின்னு அனுபவத்துல சொல்ல முடியாது. ஏஜென்சி மூலமா போறவங்க அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க.

இப்ப என் முடிவை தீர்மானிச்ச விஷயத்துக்கு வரேன். விதி, கலர், செலவு எல்லாத்தையும் ஒரு பக்கம் வைங்க. அச்சடிச்ச சரக்கு எவ்ளோ நாள் இருக்கும், லோகோ எவ்ளோ நாள் இருக்கும், இதுதான் உண்மையான கேள்வி. கார்டு ஆயிரத்துக்கு கம்மியா அடிச்சா கட்டாது, அது ட்ராயர்ல வருஷக்கணக்கா கிடக்கும். துணிப்பை நம்ம கடையை விட்டு போன பிறகும் காய்கறி மார்க்கெட், ரேஷன் கடைன்னு சுத்திகிட்டே இருக்கும், அதுக்குத்தானே பை குடுக்குறோம். கடை போர்டு பத்து வருஷம் நிக்கும். லோகோ அப்படியா நிக்குது? இன்ஸ்டாகிராம் 2016 மே மாசம் பழைய பழுப்பு கேமராவை தூக்கிட்டு இப்ப இருக்க கலர் கட்டத்துக்கு மாறுச்சு. யூடியூப் 2017ல மாத்துச்சு. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல கடையையே சாத்திருச்சு. ஃபேஸ்புக் 2023ல நீலத்தை கொஞ்சம் அடர்த்தியாக்குச்சு, அது பாக்குறவங்களுக்கு தெரியாது விடுங்க. ஆனா ட்விட்டர்? 2023 ஜூலைல ஒரே நாள்ல குருவி போய் எக்ஸ் வந்துருச்சு. பேரு, லோகோ, கலர் ஒண்ணும் மிச்சமில்ல. குருவி போட்ட கார்டு வெச்சிருந்தவங்க எல்லாம் பழைய ஆளு ஆயிட்டாங்க.

இதையெல்லாம் தூக்கி சாப்பிடுறது டிக்டாக். 2020 ஜூன் 29ல 59 ஆப்பை தடை பண்ணாங்க, டிக்டாக், ஹெலோ எல்லாம் அதுல போச்சு. அதுக்கு முன்னாடி ஊர்ல ஸ்டூடியோ, பியூட்டி பார்லர், டான்ஸ் கிளாஸ்னு எத்தனை போர்டுல அந்த இசைக்குறி லோகோ இருந்துச்சு. லோகோ வரிசையில ஒண்ணை மட்டும் மறைக்க ஸ்டிக்கர் ஒட்டினா அது அதை விட அசிங்கமா தெரியும், பல கடையில அப்படியே விட்டுட்டாங்க, இன்னைக்கும் வெயில்ல வெளுத்து போய் தொங்குது. இன்னொண்ணு, பழைய லோகோவை பயன்படுத்தாதீங்கன்னும் கம்பெனிகள் விதியிலயே இருக்கு, அதாவது நீங்க அடிச்சப்ப சரியா இருந்தது, நீங்க ஒண்ணுமே பண்ணாம ஒரு நாள் விதிப்படி தப்பா ஆயிடும். அந்த ஆயிரம் பையையும் திரும்ப வாங்கி மாத்தவா முடியும்?

எழுத்துல போட்டா இந்த தலைவலி பாதிக்கு மேல போயிடும். இன்ஸ்டாகிராம்னு நம்ம கடை ஃபாண்ட்லயே நம்ம மெரூன்லயே எழுதி பக்கத்துல அக்கவுண்ட் பேரு, அவ்ளோதான். லோகோ எத்தனை தடவை மாறினாலும் நம்ம பை மாற வேண்டாம், ஒரே ஸ்கிரீன், ஒரே கலர். எழுத்துக்கும் விதி இருக்கு, ஆனா ரொம்ப லேசு: சுத்தி இருக்க எழுத்து எந்த சைஸ்ல எந்த ஸ்டைல்ல இருக்கோ அதே மாதிரிதான் கம்பெனி பேரும் இருக்கணும், அவங்க லோகோல இருக்க சாய்வெழுத்தை காப்பி அடிக்க கூடாது, பேரை சுருக்க கூடாது. அதாவது எஃப்பி, இன்ஸ்டான்னு நாம வாயில சொல்றதை அச்சுல போட கூடாதுங்குறாங்க. அவங்க பேரை நம்ம கடை பேரோட ஒட்டவைக்கவும் கூடாது, இன்ஸ்டா சில்க்ஸ்னு எல்லாம் பேர் வெச்சா அது வேற லெவல் வம்பு.

எழுத்துல குறை இல்லாம இல்ல. லோகோ மாதிரி பளிச்சுனு கண்ணுல படாது, இடமும் கொஞ்சம் கூட கேக்கும், அதுவும் ஒவ்வொரு ஆப்லயும் உங்க பேரு வேற வேறயா இருந்தா நாலு வரி ஆயிடும். அதனால அச்சுக்கு போறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஒரே பேரா மாத்துங்க, அப்ப ஒரே வரியில முடிஞ்சிரும். பேர்ல அண்டர்ஸ்கோர், புள்ளி எல்லாம் வேண்டாம், டிசைன்ல அடிக்கோடு வந்தா அண்டர்ஸ்கோர் அதுல மறைஞ்சு போயிடும், முரட்டு துணியில புள்ளியே விழாது. ரெண்டு அண்டர்ஸ்கோர் அடுத்தடுத்து வெச்சிருக்கவங்களுக்கு எல்லாம் என் அனுதாபம். பேரை மாத்தினா பழைய பேரை தேடி வர்றவங்க நம்மகிட்ட வந்து சேர மாட்டாங்க, வேற யாராவது அந்த பேரை எடுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால மாத்துறதா இருந்தா பை அடிக்கிறதுக்கு முன்னாடியே மாத்தி முடிச்சிருங்க.

கியூஆர் பத்தி கொஞ்சம். ஸ்கேன் பண்ணா நேரா நம்ம பக்கம், டைப் பண்ற வேலையே இல்ல, கேக்க நல்லாருக்கு. ஆனா நம்மூர்ல கியூஆர்னாலே காசு கட்டுறதுதான். பில்லுல இருந்த இன்ஸ்டாகிராம் கியூஆரை ஜிபேல ஸ்கேன் பண்ணிட்டு வேலை செய்யலையேம்மான்னு எங்க கல்லாவுல நின்னவங்க உண்டு. பக்கத்துல எதுக்குன்னு எழுதியே ஆகணும், அப்ப மறுபடி எழுத்துக்குத்தான் வர்றோம்.

அதுலயும் கவனிக்க வேண்டியது, இலவசமா கியூஆர் செஞ்சு தர்ற சில சைட்டுகள் தர்றது அவங்க லிங்க் வழியா சுத்தி போறது, சந்தா முடிஞ்சா கியூஆரும் செத்துடும், பை மட்டும் ஊர்ல சுத்தும். அதனால நேரடி லிங்க் உள்ள கியூஆரா எடுங்க. ஆப்கள் தர்ற கோடையும் முழுசா நம்ப முடியாது, இன்ஸ்டாகிராமே முன்னாடி அவங்க ஆப்ல ஸ்கேன் பண்ற நேம்டேக்னு ஒண்ணு குடுத்துச்சு, 2020ல அதை தூக்கிட்டு கியூஆருக்கு மாறிருச்சு. சொந்தமா ஒரு டொமைன், அதாவது நம்ம பேர்ல ஒரு வெப்சைட் முகவரி வாங்கி கியூஆரை அதுக்கு காட்டிட்டா, உள்ள எங்க அனுப்புறதுங்கிறதை நாம எப்ப வேணா மாத்திக்கலாம், டொமைனை வருஷா வருஷம் புதுப்பிக்க மட்டும் மறக்க கூடாது. துணியில கியூஆர் எனக்கு ஒத்து வரல, நெசவு ஓட்டையில கட்டமெல்லாம் உடையுது. கியூஆர்ல 30 சதவீதம் வரைக்கும் அழிஞ்சாலும் படிக்கிற மாதிரி ஒரு லெவல் இருக்கு, அதை போட்டு பெரிய சைஸ்ல அடிச்சா வரலாம், துவைச்ச பிறகும் வேலை செய்யுமான்னு நான் இன்னும் சோதிக்கல. கார்டு பின்பக்கம் மட்டும் ஒண்ணு வெச்சிருக்கேன், சுத்தி வெள்ளை ஓரம் விட்டு.

ஆக இப்ப எங்க கடையில பை, பில் புக், போர்டு மூணுலயும் எழுத்து மட்டும்தான். கார்டு முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் கியூஆர். லோகோவை ஒரேயடியா விரட்டல, தீபாவளி ஆடித்தள்ளுபடி நோட்டீஸ் எல்லாம் மல்டிகலர்ல ஏ4க்குள்ளதான் அடிக்கிறோம், ஆயுசும் ரெண்டு வாரம், அதுல கலர் லோகோவை கம்பெனி சைட்ல இருந்தே இறக்கி, பெருசாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலா டிடிபி தம்பிகிட்ட குடுத்துடுறேன், அவரோட கோரல் டிசைன் சாஃப்ட்வேர்ல பழசா என்ன சேமிச்சு வெச்சிருக்காப்லன்னு தெரியாதுல்ல. வாட்ஸ்அப்புக்கு எங்கயும் லோகோ போடல, நம்பர் முன்னாடி வாட்ஸ்அப்னு ஒரு வார்த்தை, வர்ற ஆர்டர்ல பெரும்பங்கு அந்த வரியிலதான் வருது.