ஷாக் அப்சார்பர் 'செட்டிங்': காரை விட்டுவிட்டு வரும் முன் படியுங்கள்

காரின் ஷாக் அப்சார்பரைக் கெட்டியாக்கவோ மிருதுவாக்கவோ ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப் என்னிடம் 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பின்பக்க ஷாக்குகளைத் தொடாமலேயே காரைத் திருப்பிக் கொடுத்தது. முன்பக்கத்தைத் தொட்டார்கள். அதையும் தொடாமல் இருந்திருக்கலாம்.

நான் வாங்கிய பழைய காரில், முந்தைய உரிமையாளர் இறுக்கத்தை 32 படிகளில் மாற்றக்கூடிய ஷாக்குகளைப் போட்டிருந்தார். ரேஸ் பித்துப் பிடித்தவர் போலும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் என் அம்மாவின் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. கொஞ்சம் மிருதுவாக்கித் தாருங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். நான்கு சக்கர செட்டிங்குக்கு 4,500, 'கேஸ்' நிரப்ப 3,000 என்றார்கள். அதோடு கார் ஓர் அங்குலம் உயரும் என்று இலவச வாக்குறுதி வேறு.

முதலில் அந்த அங்குலத்தைப் பார்ப்போம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக விரியலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் ஷாக்கின் வேலை. இறுக்கத்தை மாற்ற இத்தகைய ஷாக்கில் ஒரு திருகு குமிழ் இருக்கும்; உள்ளே எண்ணெய் போகும் வழியை அது குறுக்கும் அல்லது அகலமாக்கும், அவ்வளவுதான். அதைத் திருகிக் காரை உயர்த்த முடியாது. அளவுக்கு மீறி இறுக்கினால், பள்ளத்தில் இறங்கிய சக்கரம் சரியாகத் தரையைப் பிடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வளைவில் டயர் பிடி தளர்வது அதனால்தான்.

'கேஸ்' கதை இன்னும் மோசம். என் காரில் இருப்பவை நைட்ரஜனைத் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடியவை. வெளியிலிருந்து நிரப்ப வால்வே கிடையாது. தனி எண்ணெய்க் குப்பியோடு வரும் விலையுயர்ந்த சில ஷாக்குகளில் வால்வு உண்டு, அது வேறு. எதில் நிரப்பினார்கள் என்று கேட்டேன். "மெஷின்ல போட்டோம் சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

அடுத்து கோத்தகிரி மலைப்பாதையில் ஏறினேன். ஒரே மேட்டை இடது முன்சக்கரம் உதைத்துக்கொண்டு ஏறியது. வலது சக்கரமோ விழுந்து எழுந்தது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். இத்தகைய குமிழ்களைக் கடிகார முள் திசையில் கடைசிவரை திருகினால் முழு இறுக்கம். அங்கிருந்து பின்னோக்கி 'கிளிக்' ஓசையை எண்ண வேண்டும். இடது குமிழ் முழு இறுக்கத்திலிருந்து நான்காவது கிளிக்கில் நின்றது, அதாவது நான் கேட்டதற்கு நேர் எதிராக. வலது குமிழ் கிளிக்கே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லைக்கு வந்த பிறகும் விடாமல் முறுக்கி, உள்ளே எண்ணெய் வழியைக் குறுக்கும் ஊசி வால்வைப் பழுதாக்கியிருக்கிறார்கள்.

பின்பக்கக் குமிழ்களைத் தொட டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். குமிழின் மேல் பழுப்புத் தூசி ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் திருகாணிக்கும் அதற்கும் இடையே சிலந்தி நூல்கூட அறுபடவில்லை.

படங்களைக் காட்டியதும் மேற்பார்வையாளர் சொன்னது: "ரோடு அதிர்வுல குமிழ் லூஸாயிருக்கும் சார்." சரி, அப்படியே இருக்கட்டும். பின்பக்கத் தூசியும் அதிர்வில்தான் திரும்ப வந்து படிந்ததா என்று கேட்டேன். முதலாளி ஊரில் இல்லை என்றார். இன்றுவரை அந்த முதலாளி ஊர் திரும்பவில்லை.

சாதாரண ஷாக் வைத்திருப்பவர்களையும் விடுவதில்லை. கசியும் ஷாக்கில் துளையிட்டு, ஏதோ எண்ணெயை ஊற்றி, பற்றவைத்து 'ரீகண்டிஷன்' என்று விற்கிறார்கள். அதற்குப் பணம் தராதீர்கள். கசிந்தால் அதே அச்சில் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுவதுதான் முறை.

செட்டிங் வேலை என்றால், ஒவ்வொரு சக்கரமும் முன்பு எத்தனையாவது கிளிக்கில் இருந்தது, இப்போது எத்தனையில் இருக்கிறது என்று தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் காரை நிறுத்தவே வேண்டாம். ஜிஎஸ்டி பில் கட்டாயம் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட வெள்ளைத்தாள்தான். நல்லவேளை, பணத்தை யுபிஐ மூலம் அனுப்பியிருந்தேன். அந்த ரசீதையும் படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பழுதான வலது ஷாக்கின் விலையையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.