வீட்டு போட்டோ, வீடியோவை எதுல வைக்கலாம்: ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா, பென் டிரைவா, கூகுளா?

கல்யாண வீடியோ, குழந்தையோட முதல் பிறந்தநாள், இப்ப நம்மகூட இல்லாத தாத்தாவோட குரல் கேக்கற ஒரு அரை நிமிஷ கிளிப், இதெல்லாம் நெறைய வீட்டுல ஒரே ஒரு போன்லயோ ஒரு பழைய லேப்டாப்லயோ தான் கெடக்குது. வேற காப்பி கெடையாது. போன் தண்ணில விழுந்துச்சுன்னா அவ்ளோ தான். எதை வாங்கறதுன்னு யோசிச்சு யோசிச்சே வருஷம் ஓடிடுது, அதனால என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: பெரும்பாலான வீட்டுக்கு விலை கொறைஞ்ச வெளி ஹார்ட் டிஸ்க் ரெண்டு, கூடவே முக்கியமான போட்டோக்களுக்கு மட்டும் கிளவுட், அதாவது கூகுள் மாதிரி கம்பெனிங்க இன்டர்நெட் வழியா குடுக்கற சேமிப்பு எடம். ஒரு விலை ஒசந்த எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்லயே தகவலை வைக்கற டிரைவ்) வாங்கி அதுல மட்டும் எல்லாத்தையும் வைக்கறதை விட இது எவ்வளவோ மேல். ஏன்னு பாக்கலாம்.

பென் டிரைவை சீக்கிரம் முடிச்சிடலாம். அது ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு ஃபைல் கொண்டு போறதுக்கு, சேத்து வைக்கறதுக்கு இல்ல. ஸ்டுடியோக்காரங்க கல்யாண வீடியோவை பென் டிரைவ்ல குடுக்கறாங்க, நாம அதை அப்படியே பீரோல வெச்சு பூட்டிடறோம், அது தான் ஒரே காப்பி. தயவுசெஞ்சு இன்னிக்கே அதை வேற எடத்துல காப்பி பண்ணுங்க. இன்னொண்ணு, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ்னு விக்கறதை வாங்கவே வாங்காதீங்க. உள்ள இருக்கறது 32 ஜிபியோ 64 ஜிபியோ தான் இருக்கும், கம்ப்யூட்டர்ல மட்டும் 2 டிபின்னு காட்டற மாதிரி மாத்தி வெச்சிருப்பாங்க. காப்பி ஆகற மாதிரியே தெரியும், உண்மையான அளவு தாண்டினதும் அதுக்கப்புறம் போனது எதுவும் தெறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, புதுசா வாங்கின எந்த டிரைவையும் அதுல முழுசா எழுதி படிச்சு சோதிச்சுட்டா பொய் தெரிஞ்சிடும்.

இப்ப உண்மையான போட்டி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா. கடையில கேட்டா எஸ்எஸ்டி தான் வேகம்னு சொல்வாங்க, அது நெசம் தான், ஆனா அந்த வேகம் உங்க வீட்டுல கெடைக்குமான்னு பாக்கணும். சின்ன சைஸ் வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல கொஞ்சம் குடுக்கும். நல்ல வெளி எஸ்எஸ்டி பெட்டி மேல 1000 எம்பின்னு போட்டிருக்கும், ஆனா உங்க லேப்டாப்ல இருக்கறது பழைய யூஎஸ்பி 3.0 போர்ட்னா 400 சொச்சத்துல நின்னுடும், அதுக்கும் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்னா ரெண்டுமே 30, 40 எம்பில தான் நகரும். 500 ஜிபியை காப்பி பண்ண ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், குட்டி குட்டி போட்டோவா இருந்தா இன்னும் இழுக்கும். மாசத்துக்கு ஒரு தடவை காப்பி போட்டுட்டு சமையல் வேலையை பாக்கப் போற வீட்டுக்கு இந்த வேக வித்தியாசம் பெரிய விஷயமே இல்ல. தினமும் அந்த டிரைவ்லேர்ந்தே வீடியோ எடிட் பண்றவங்களுக்கு தான் எஸ்எஸ்டி காசுக்கு தகும்.

எஸ்எஸ்டியோட பெரிய பலம் அடி தாங்கறது. ஹார்ட் டிஸ்க் உள்ள தட்டு சுத்தும், அதுக்கு மேல தலைமுடியை விட மெல்லிசான இடைவெளில, தகவலை எழுதி படிக்கற ஹெட் பறக்கும், ஓடிக்கிட்டு இருக்கும்போது மேஜைலேர்ந்து விழுந்தா கதை முடிஞ்சிடலாம். அதனால ஹார்ட் டிஸ்க்கை பைக் பையில போட்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அலையறவங்க எஸ்எஸ்டியே வாங்கிக்குங்க. பீரோவுக்குள்ளயே இருக்கப் போகுதுன்னா அந்த பலம் தேவைப்படாது.

பீரோன்னு சொன்னதும் ஒரு விஷயம், கடையில யாரும் இதை சொல்றதில்ல. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு மூணும் ஒரே ஜாதி, தகவலை மின்சாரமா சின்னச் சின்ன அறைக்குள்ள அடைச்சு வைக்குது, கரெண்ட் படாம ரொம்ப நாள் கெடந்தா அது மெல்ல மெல்ல கசியும், சூடு ஜாஸ்தியா இருந்தா இன்னும் சீக்கிரம் கசியும். எழுதி எழுதி முழுசா தேஞ்சு போன எஸ்எஸ்டி கூட 30 டிகிரில ஒரு வருஷம் கரெண்ட் இல்லாம தாங்கணும்ங்கறது அந்த துறை வெச்சிருக்கற அளவுகோல், புதுசுன்னா அதை விட நெறைய தாங்கும், அதனால பயப்பட வேணாம். ஆனா மே மாசம் மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல வருஷக்கணக்கா பூட்டி வைக்கறதுக்கு அது செஞ்ச பொருள் இல்ல. ஹார்ட் டிஸ்க்ல காந்தமா பதியுது, சும்மா வெச்சிருக்கறதுக்கு அது தான் நம்பகம். அதுலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்து ஓட விட்டு பாக்கணும்.

சாகற விதமும் வேற வேற. ஹார்ட் டிஸ்க் பல நேரம் முன்னாடியே சாடை காட்டும், காப்பி மெதுவாகும், டிக் டிக்னு சத்தம் வரும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு பாத்தா நல்லா இருக்கற டிஸ்க்குக்கு நீலத்துல குட்னு வரும், மஞ்சள்ல காஷன்னு வந்துச்சுன்னா அன்னிக்கே எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திடணும். எஸ்எஸ்டி நேத்து வரைக்கும் நல்லா ஓடி இன்னிக்கு காலையில கம்ப்யூட்டருக்கு தெரியாமலே போயிடற கேஸ் உண்டு. தப்பா அழிச்ச ஃபைலை ஹார்ட் டிஸ்க்லேர்ந்து ரெக்கவரி சாஃப்ட்வேர் வெச்சு எடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு, எஸ்எஸ்டில பெரும்பாலும் முடியாது, அழிச்ச எடத்தை அதுவே சுத்தம் பண்ணிடும். இதையெல்லாம் சேத்து பாத்து தான் நான் ஹார்ட் டிஸ்க் பக்கம் நிக்கறேன், அதே காசுக்கு எடமும் நெறைய கெடைக்குது. அஞ்சு வருஷம் தாண்டின டிஸ்க்கை மட்டும் ஒரே காப்பியா நம்ப மாட்டேன், அது எந்த கம்பெனியா இருந்தாலும்.

எந்த டிஸ்க்கா இருந்தாலும் காப்பி முடிஞ்சதும் கழட்டிடுங்க. எப்பவும் சொருகியே வெச்சிருந்தா, ஃபைலையெல்லாம் பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் வைரஸ் வந்தா லேப்டாப்போட சேத்து அதையும் பூட்டிடும். விண்டோஸும் மேக்கும் ரெண்டும் இருக்கற வீடுன்னா ரெண்டுலயும் எழுத முடியற எக்ஸ்ஃபேட்ங்கற முறைல டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணுங்க, பழைய ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல இருக்கற கல்யாண வீடியோ ஏறவே ஏறாது.

சரி, கிளவுட். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில வீட்டுக்குள்ள தண்ணி ஏறினப்ப ஆல்பம், கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே அலமாரில இருந்த வீடுகள் எல்லாத்தையும் சேத்து இழந்துச்சு. ஒரே வீட்டுக்குள்ள பத்து காப்பி இருந்தும் பிரயோஜனம் இல்லாத நிலைமை அது. வீட்டுக்கு வெளிய ஒரு காப்பி வேணும், அதுக்கு சுலபமான வழி கிளவுட் தான்.

கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன் 1 வரைக்கும் கொறைஞ்ச தரத்துல எவ்வளவு வேணா ஏத்தலாம்னு இருந்துச்சு, இப்ப 15 ஜிபி தான், அதையும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணும் பங்கு போட்டுக்கும். நிரம்பிச்சுன்னா மெயில் வர்றதும் நின்னுடும். மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவும் ஆப்பிள் ஐகிளவுடும் இலவசமா 5 ஜிபி தான் குடுக்கறாங்க. மாசம் 100 சொச்சம் ரூபாய்க்கு 100 ஜிபி வாங்கறது போட்டோ மட்டும் வெச்சிருக்கற வீட்டுக்கு போதும், வீடியோவெல்லாம் போட்டா சீக்கிரம் தீந்துடும். ஆனா காசை விட பெரிய தடை இன்டர்நெட். வீட்டுல ஃபைபர் இல்ல, தினம் ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டா தான்னு வெச்சுக்குங்க, 200 ஜிபியை ஏத்த நாலு மாசத்துக்கு மேல ஆகும், அதுவும் வேற எதுக்குமே நெட் தொடாம இருந்தா. அந்த வீட்டுக்கு கிளவுட்ல எல்லாத்தையும் வையுங்கன்னு சொல்றது அர்த்தமே இல்ல. அவங்க ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்கை ஊர்ல இருக்கற அண்ணன் வீட்டுலயோ அம்மா வீட்டுலயோ குடுத்து வெச்சுட்டு, பொங்கலுக்கு தீபாவளிக்கு போகும்போது புதுசை ஏத்திட்டு வந்தா அதே வேலை நடந்துடும்.

நெறைய பேர் கிளவுட்ல ஏமாறற எடம் ஒண்ணு இருக்கு. போன்ல எடம் இல்லன்னு கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள்ள போய் போட்டோவை டெலீட் பண்றாங்க, அது போன்ல மட்டும் இல்லாம கிளவுட்லயும் சேந்தே போயிடுது. குப்பைத்தொட்டில 60 நாள் இருக்கும், அதுக்குள்ள கவனிச்சா மீட்கலாம். போன்ல மட்டும் காலி பண்ணணும்னா அதுக்குன்னே ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா இருக்கு, அதை தான் அழுத்தணும். ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் அழியற எதையும் முழு பேக்கப்னு நெனைக்காதீங்க, அதனால தான் கிளவுட் இருந்தாலும் ஹார்ட் டிஸ்க் வேணும்ங்கறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கூகுள் டேக்அவுட் போய் எல்லாத்தையும் எறக்கி டிஸ்க்ல வெச்சுக்கலாம்.

இன்னொரு விஷயம், கணக்கு யார் பேர்ல இருக்குங்கறது. பல வீட்டுல எல்லா போட்டோவும் அப்பா கணக்குல இருக்கு, பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தான் தெரியும், அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுல இருக்கறவங்க கதவுக்கு வெளிய நிக்கறாங்க, ரெண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழிக்கவும் செய்யலாம். கணக்கு செட்டிங்ஸ்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, மூணு மாசமோ ஆறு மாசமோ நீங்க வரலைன்னா யார் கையில போகணும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், பத்து பேர் வரைக்கும் சேக்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு பூட்டு போட்டிருந்தீங்கன்னா அதோட ரெக்கவரி கீயை (பாஸ்வேர்டு மறந்தா தெறக்கறதுக்கான நம்பர்) பேப்பர்ல எழுதி வீட்டு பத்திரத்தோட வெச்சுட்டு, அது அங்க இருக்குன்னு வீட்டுல ரெண்டு பேருக்காவது சொல்லிடுங்க.