உதட்டில் ஃபில்லர் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மார்த்தாண்டம் பகுதியில் உள்ள ஓர் அழகு நிலையத்தில் உதட்டுக்கு ஃபில்லர் ஊசி (உதட்டைப் பருமனாக்க உள்ளே கூழைச் செலுத்துவது) போட்டுக்கொண்ட என் தங்கை பட்ட பாட்டை, குமரி மாவட்டத்துப் பெண்கள், குறிப்பாகக் கல்யாண நாள் நெருங்கியிருப்பவர்கள், அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளுக்கு மேலுதடு சிறு வயதிலிருந்தே மெல்லியது. அதைச் சற்று நிரப்பிக்கொள்ள விரும்பியதில் குற்றம் காண எதுவும் இல்லை. போட்டதே தெரியாத அளவுக்கு இயற்கையாக இருக்கும் என்று அந்த நிலையத்தார் கொடுத்த உறுதியும், நாகர்கோவிலில் தோல் மருத்துவர் சொன்னதில் பாதிக்கும் குறைவான கட்டணமும் அவளை அங்கே அழைத்துச் சென்றன.

உதட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரோனிக் அமிலக் கூழ். அது பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நின்று, பிறகு உடலிலேயே கரைந்துபோகும். தேர்ந்த மருத்துவர் முதல் முறையில் ஒரு மில்லிக்கு மேல் பெரும்பாலும் போடுவதில்லை. மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துச் சிறிது சிறிதாகச் செலுத்தி, வீக்கம் வடிந்த பிறகு தேவைப்பட்டால் மட்டுமே கூட்டுவார். இயற்கையான தோற்றம் இந்தப் பொறுமையால் வருவது. என் தங்கைக்கோ, பெட்டியும் இல்லாமல் பெயர்ச்சீட்டும் இல்லாமல் முன்பே நிரப்பித் தட்டில் வைத்திருந்த ஒரு சிரிஞ்சை, மருத்துவம் படிக்காத, சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெண், ஒரே மூச்சில் முழுவதுமாக ஏற்றிவிட்டார்.

ஊசி ஏறும்போதே தாங்க முடியாத வலி எடுத்திருக்கிறது. மேலுதட்டின் ஒரு பக்கம் வெளிறிப்போனது. "பேடிக்காதே மக்களே, ரெண்டு நாளில் மாறும்" என்று சொல்லி ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் உதட்டுக்கு மேலே, மூக்கின் அடி வரை, நீலமும் சிவப்புமாக வலைபோலப் படர்ந்திருந்தது. சாதாரண வீக்கமும் கன்றலும் சில நாளில் அடங்கும்; ஆனால் கூடிக்கொண்டே போகும் வலி, வெளிறல், வலைபோன்ற நிறமாற்றம் ஆகியவை, கூழ் ரத்தக் குழாய்க்குள் புகுந்தோ அதை அழுத்தியோ ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டதற்கான அடையாளங்கள். அப்போது ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. ஐஸ் வைப்பது ரத்தக் குழாயை மேலும் சுருக்கும் என்பதை அந்த நிலையத்தார் அறிந்திருக்கவில்லை.

நாகர்கோவிலில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் உதட்டை அழுத்தி, நிறம் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று கவனித்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன போட்டார்கள்?" என்பதுதான். ஹையலுரோனிக் அமிலமாக இருந்தால் மட்டுமே ஹையலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைக்க முடியும். திரவ சிலிக்கோனாக இருந்தால் அந்த மருந்து வேலை செய்யாது, கட்டிகளை அறுத்தெடுக்கும் நிலைகூட வரலாம். நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டதற்குப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள், ரசீதும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். மருத்துவர் காத்திருக்காமல் நொதியைச் செலுத்தினார். நல்ல வேளையாகக் கரைந்தது; ஆயினும் உதட்டோரத்தில் ஒரு சிறு பகுதி புண்ணாகித் தழும்பு விழுந்துவிட்டது.

ஊசி போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா என்பதை மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் பாருங்கள். முத்திரை உடையாத பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உள்ள ஒட்டுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹையலுரோனிடேஸ் அதே இடத்தில் இருப்பில் உள்ளதா என்று நேராகவே கேளுங்கள். இல்லை என்றாலோ மழுப்பினாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் செலுத்தும் பேனாக் கருவியையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரிலேயே அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது.

படங்களையும் மருத்துவரின் குறிப்பையும் இணைத்து, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகவிருக்கிறோம். அங்கே முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே போன்ற இடங்களில் போட்டுக்கொண்டு உதட்டில் கட்டி தங்கியிருப்பவர்கள், அதன்மேல் மறுபடியும் ஊசி போட இசையாமல், முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.