மணலி கன்டெய்னர் யார்டில் ஜிபிஎஸ் டைம் சர்வர்: நெட்வொர்க் அமைப்பைப் பற்றிய அனுபவம்

மணலியில் நான் கணினிப் பராமரிப்பைக் கவனித்துவரும் கன்டெய்னர் யார்டில், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் பெற்று மற்றக் கருவிகளுக்கு வழங்கும் டைம் சர்வர் ஒன்று சில ஆண்டுகளாக இயங்கிவருகிறது. லாரி வாசலைக் கடந்த நேரம், எடைமேடைச் சீட்டில் அச்சாகும் நேரம், கேமராப் பதிவில் தெரியும் நேரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் காத்திருப்புக் கட்டணத்தைப் பற்றிய தகராறு ஓயாது என்பதால்தான் இதை வாங்கினோம். வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் துல்லியத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரிந்தால் போதும், துல்லியத்தைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அந்த நேரம் யார்டின் கடைசிக் கேமரா வரை போய்ச் சேருமா என்பது நெட்வொர்க் அமைப்பைப் பொறுத்தது. நிறுவியவருக்கு அதிக வேலை வைப்பதும் அதுதான்.

ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது), கேட்வே (மற்ற நெட்வொர்க்குகளுக்குப் போகும் வழி) மூன்றையும் முன்பக்கத் திரையிலும் பொத்தான்களிலுமே முதலில் அமைத்துவிடலாம். முகவரி நிலையானதாக இருக்க வேண்டும். டிஎச்சிபி என்ற தானியங்கி முறை வழங்கும் முகவரி ஒருநாள் மாறினால், பழைய முகவரியை மனப்பாடமாக வைத்திருக்கும் கேமராக்கள் அத்தனையும் ஓசையின்றி விலகத் தொடங்கும்.

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் தொடர்பான சிக்கல். ஒன்று அலுவலக நெட்வொர்க்கிலும் மற்றொன்று கேமரா நெட்வொர்க்கிலும் இணைக்கப்பட்டிருக்க, டீஃபால்ட் கேட்வே அலுவலகப் பக்கம் மட்டுமே இருந்தது. கேமரா போர்ட் இருந்த அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவில்) இருந்த கேமராக்கள் ஒழுங்காக நேரம் பெற்றன. யார்டின் பின்பகுதியில், ஸ்விட்ச் ஒன்றைத் தாண்டி வேறு சப்நெட்டில் இருந்தவை மட்டும் பெறவில்லை. அவற்றின் கேள்வி கேமரா போர்ட் வழியாக உள்ளே வந்தது. பதிலோ டீஃபால்ட் கேட்வேயைத் தேடி அலுவலகப் போர்ட் வழியாக வெளியேறியது. கேள்வியையே பார்த்திராத ஃபயர்வால் அந்தப் பதிலைத் தடுத்துவிட்டது. சர்வரின் பக்கம் பார்த்தால் கேள்விக்குப் பதில் போனதாகவே பதிவு இருக்கும் என்பதால், இதைப் பாக்கெட் பதிவு (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளின் பதிவு) எடுத்துப் பார்த்தால் அல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். பின்பகுதி சப்நெட்டுக்குக் கேமரா பக்கத்து ஸ்விட்ச் வழியாகச் செல்லும் நிலையான ரூட் ஒன்றைச் சேர்த்ததும் சரியானது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ரூட்டிங் அட்டவணை உண்டா என்பதை விலை பேசும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

நெட்வொர்க் வழியாக நேரத்தை அனுப்பும் நெறிமுறையான என்டிபி இயங்குவது யுடிபி 123ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் வழியின் எண்). உள் நெட்வொர்க்குகளுக்கு அதை மட்டும் திறந்துவிட்டு, டெல்நெட் என்ற பழைய தொலை அணுகல் முறையையும் மறையாக்கம் இல்லாத வலைப்பக்கத்தையும் மூடி, நிர்வாக அணுகலைத் விலான் எனப்படும் தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க்குக்குள் வைத்தோம். இணையத்திலிருந்து இந்தப் பெட்டியை எட்டும் வழியே இருக்கக் கூடாது. 2014இல் பழைய என்டிபி சர்வர்களின் மான்லிஸ்ட் கட்டளையைப் பயன்படுத்தி, சிறு கேள்விக்கு வரும் பெரிய பதிலை இலக்கின் மீது குவிக்கும் மிகப்பெரிய பெருக்கத் தாக்குதல்கள் நடத்தப்பட்டன.

என்டிபி அனுப்புவது யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தை மட்டுமே. இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது ஒவ்வொரு கருவியின் நேர மண்டல அமைப்பின் பொறுப்பு. கேமரா தவறான நேரம் காட்டினால் சர்வரின் நேரத்தையே முன்னே நகர்த்தச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது. ஜிபிஎஸ் நேரம் 2017 தொடக்கத்திலிருந்து யுடிசியைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. இந்தத் திருத்தத் தகவலைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒலிபரப்புகிறது. ஆகவே நெடுநேரம் அணைந்திருந்த சர்வரை இயக்கியதும், கால் மணி நேரமாவது பொறுத்து, யுடிசி நிலை உறுதியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே மற்றக் கருவிகளை அதனோடு இணைக்கிறோம்.

எண்ணூர்க் கடல்காற்று இங்கே உலோகம் எதையும் விட்டுவைப்பதில்லை. மொட்டைமாடி ஆன்டெனாவின் கனெக்டரில் நீர்புகாத ரப்பர் நாடாவைச் சுற்றி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கும் சர்ஜ் அரெஸ்டர் வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் இரண்டையும் சோதிக்கிறோம். சிக்னல் அறுந்தாலும் உள்ளிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் குவார்ட்ஸ் அலையியற்றி (ஆசிலேட்டர்) சில காலம் நேரத்தைத் தாங்கும். எவ்வளவு நேரத்துக்குப் பின் சர்வர் தன்னை நம்பத்தகாததாக அறிவிக்க வேண்டும் என்பதை அமைப்பில் நாமே குறித்துவிட வேண்டும்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினிகளின் நேரத்தை தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. அதனால் அவ்விரண்டையும் ஒப்பீட்டு மூலங்களாகச் சேர்த்திருக்கிறோம். இதற்காக பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியும், வெளிச்செல்லும் 123ஆம் போர்ட்டுக்கான அனுமதியும் தேவைப்பட்டன. உத்தரவு இல்லாவிட்டாலும் இதைச் செய்யவே சொல்வேன். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும்; 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய ரிசீவர்கள் பல தேதியை ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னே காட்டின. ஒற்றை மூலத்தை மட்டும் நம்பும் சர்வர் அத்தகைய பிழையைத் தானாக உணராது. இணையப் பாதையில் போக்கும் வரத்தும் சமமாக இல்லாததால் அந்த வெளி மூலங்களோடு சில மில்லி விநாடி வேறுபாடு எப்போதும் தெரியும். அதைப் பொருட்படுத்தாமல், 100 மில்லி விநாடியைத் தாண்டினால் மட்டும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் முறை) எச்சரிக்கை வரும்படி அமைத்திருக்கிறோம்.