மத்தியதரைக் கடல் இறால்: வந்தேறியா, மண்ணின் மைந்தனா?

மத்தியதரைக் கடலோர மீன் சந்தையில் இரு வகை இறால்கள் ஒரே தட்டில் கிடக்கும்போது எதை எடுப்பது என்ற குழப்பம் நியாயமானதே. ஒன்று அக்கடலில் பூர்வீகமாக வாழும் கரமோட்டே இறால். மற்றது 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியே செங்கடலிலிருந்து வந்து குடியேறிய குருமா இறால். (பெயரைக் கேட்டு நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். ஜப்பானிய மொழியில் ‘குருமா’ என்றால் சக்கரம். சுருண்டு கிடக்கும்போது வரிகள் ஆரக்கால்கள் போலத் தெரியும்.)

அடையாளம்: குருமாவின் வரிகள் அழுத்தமானவை, வால் விசிறியில் மஞ்சளும் நீலமும் பளிச்சிடும். கரமோட்டேயின் வரிகள் மங்கலாக, உடைந்து உடைந்து இருக்கும்.

அளவு: பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பெண்ணே பெரியது.

தாக்குப்பிடிப்பு: இங்கேதான் குருமா தனித்து நிற்கிறது. குளிரூட்டிய மரத்தூளில் புதைத்தால் தண்ணீரே இல்லாமல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். ஜப்பானில் அப்படித்தான் உயிருடன் அனுப்புகிறார்கள்.

கடலுக்கு: மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையோரங்களில் கரமோட்டே ஒதுங்கிப்போனதற்குக் குருமாவின் போட்டியே காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் பகலில் மணலில் புதைந்து இரவில் இரை தேடுபவை. உரசல் இல்லாமல் இருக்குமா?

உயிருடன் தொலைவுக்கு அனுப்புவோருக்குக் குருமா. அன்றே சமைப்பவர்களும் குருமாவையே எடுக்கலாம். ருசியில் குறையில்லை, கரமோட்டேக்கும் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும்.