செம்பனைக் குலை: வியாபாரியிடமா, நேரே ஆலைக்கா?

பேராக் மாநிலம் உத்தான் மெலிந்தாங் பக்கம் சிறு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் வைத்திருப்பவர்கள், வெட்டிய குலையை வியாபாரியிடம் விற்பதா, நேரே எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவதா என்று அடிக்கடி குழம்புவார்கள். எங்கே விற்றாலும் மலேசிய செம்பனை வாரிய உரிமம் வேண்டும்.

விலை
வியாபாரி: தன் லோரிச் செலவையும் லாபத்தையும் கழித்துத்தான் டன் விலை சொல்வார்.
ஆலை: கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் லோரி வாடகை உங்கள் தலையில்.

நேரம்
இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போவது நல்லது. தாமதித்தால், அதிலும் பழம் அடிபட்டிருந்தால், கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய்த் தரம் இறங்கும்.
வியாபாரி: லோரி நிறையும்வரை குலை அவர் முற்றத்தில் கிடக்கும். அடியில் உதிரிப் பழம் நசுங்கி ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் கசிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.
ஆலை: வரிசை நீளாவிட்டால் அன்றைக்கே உள்ளே போய்விடும்.

சிரமம்
வியாபாரி: பக்கத்திலேயே இருப்பார், சின்ன வண்டியில் கொண்டுபோய்ப் போடலாம்.
ஆலை: குலையைத் தரம் பார்ப்பார்கள். பழுக்காத காய்க்குலை இருந்தால் விலையில் பிடித்தம்.

ஐந்து ஏக்கர்காரருக்கு ஒரு வெட்டுக்கு ஒன்றிரண்டு டன்தான் தேறும். அவருக்கு வியாபாரியே சரி, ஆனால் வியாபாரியின் லோரி ஆலைக்குக் கிளம்பும் நாளைக் கேட்டுக்கொண்டு வெட்டட்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒரே நாளில் வெட்டி லோரியை நிரப்ப முடிந்தால், தயங்காமல் ஆலைக்குப் போங்கள்.