கிராண்ட் கேன்யன்: ஒரே பாறைச்சுவர், இரு விளக்கங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் பாறைச்சுவரில் புதைபடிவங்கள் உள்ள அடுக்குகள் பைபிள் சொல்லும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தில், ஓராண்டுக்குள் படிந்தவை என்கிறார்கள் இளம்பூமிப் படைப்புவாதிகள். பூமிக்கே வயது சுமார் 6,000 ஆண்டுதான் என்பது அவர்கள் கணக்கு. நிலவியலாளர் கணக்கில் அடியிலுள்ள விஷ்ணு பாறைக்கு ஏறத்தாழ 170 கோடி ஆண்டு, உச்சியிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி.

எனக்குத் தீர்ப்பைச் சொல்வது இந்தச் சுவரிலுள்ள கோகனினோ மணற்கல் அடுக்கு. நீருக்கடியில் நகர்ந்த மணல் என்கிறது முதல் தரப்பு. பாலைவன மணற்குன்று என்கிறது நிலவியல். நாலுகால் விலங்குகளோடு தேள் போன்ற சிற்றுயிர்களின் தடங்களும் அதில் உள்ளன. உலகையே மூழ்கடித்த வெள்ளத்தில் அவை எப்படி நடந்தன?

அதற்குக் கீழே ரெட்வால் சுண்ணாம்புக்கல்லின் மேற்பகுதியில் பழங்குகைகளும் பள்ளங்களும் அரித்து உண்டாகி, பிறகு வேறு படிவுகளால் நிரம்பியிருக்கின்றன. சுண்ணாம்பு கல்லாக இறுகி, தரையாக உயர்ந்து, மழைநீரில் கரைய வேண்டும். ஓராண்டில் இதற்கு இடமே இல்லை.